எப்சி ஒட்டிய அம்புகள்

முனைவர் பட்டத்தைப் பல்கலைக்கழகம் கொடுக்கிறது என்று ஊரில் எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நம்பட்டும். வேலூரில் ஒரு கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே பதினெட்டு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்குத்தான் உண்மை தெரியும். தட்டச்சு செய்வது நான், பக்க எண் போடுவது நான், அரக்கு நிற ரெக்ஸினில் தங்க எழுத்து அடித்துக் கட்டிக் கொடுப்பதும் நான். பல்கலைக்கழகம் கடைசியில் வந்து ஒரு கையெழுத்துப் போடுகிறது, அவ்வளவுதான். கடைப் பலகையில் 'அருணகிரி ஜெராக்ஸ்' என்று போட்டு, அதன் கீழே 'ஆய்வேடுகள் பிழையின்றித் தட்டச்சு செய்து தரப்படும்' என்றும் எழுதி வைத்திருக்கிறேன். அதை ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. ஏனென்றால் ஆய்வேட்டை ஒருவரும் படிப்பதில்லை. எல்லாரும் புரட்டுகிற ஒரே பக்கம் நன்றியுரை, அதுவும் தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்க.

கடைக்கு வரும் ஆராய்ச்சி மாணவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் பென்டிரைவைக் கொடுத்து, "அண்ணா, நீங்களே பாத்து அட்ஜஸ்ட் பண்ணிடுங்க" என்று டீ குடிக்கப் போய்விடும். இன்னொரு ரகம் என் தோள்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு கமாவுக்கும் என் பிராணனை வாங்கும். எப்சி இரண்டிலும் சேராதவள். அடித்துக் கொடுத்த தாள்களை வாங்கிக்கொண்டு ஓரத்துப் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காருவாள். கைப்பையிலிருந்து சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒரு பட்டையை எடுப்பாள். பேச மாட்டாள். ஒட்டிக்கொண்டே போவாள்.

அந்த ஸ்டிக்கர் ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகளில் செக்கிங் ஹாலில் இருப்பது. அரிசி அளவு அம்பு. தோலில் உன்னி கடித்த தழும்பு, தையல் ஒரு நூல் விலகியது, பசை வழிந்தது, எதுவானாலும் செக்கர் வாயைத் திறக்க வேண்டாம். குறை இருக்கும் இடத்தில் அம்பை ஒட்டி அடுத்த மேசைக்குத் தள்ளினால் போதும். எப்சி எம்.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டு நான்கு வருடம் அந்த ஹாலில் நின்றவள். பள்ளிகொண்டாவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வந்தாள். அவள் அம்மா பொன்மலர் அதே கம்பெனியில் தையல் பிரிவு. அம்மா தைத்த பீஸில் மகள் அம்பு ஒட்டிய நாட்களில் வீட்டில் குழம்பு கொஞ்சம் காரமாக இருக்குமாம்.

இருபத்தெட்டு வயதில் வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தாள். தலைப்பும் கம்பெனியிலிருந்துதான் வந்தது. ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் பழி யார் தலையில் விழுகிறது? இருநூற்று இருபத்தாறு பெண்களிடம் உட்கார்ந்து பேசி எழுதியிருந்தாள். தோல் மோசமோ, வெட்டியது மோசமோ, பசை மோசமோ, எது மோசமானாலும் திட்டு கடைசியாக 'பாஸ்' என்று கையெழுத்துப் போட்ட பெண்ணுக்குத்தான் என்பது அவள் முடிவு.

"இத கம்பெனி பஸ்ல ஏறி எந்தப் பொம்பளய கேட்டாலும் ஒரு ஸ்டாப்புக்குள்ள சொல்லிடும். இதுக்கு ஆறு வருஷமா?" என்றேன்.

"தெரியறது வேற, கணக்கோட காட்டறது வேறண்ணா" என்றாள் எப்சி.

அவளுடைய வழிகாட்டி கிருபானந்தம் சார் நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்கமாட்டார், படிக்கவும் மாட்டார். அத்தியாயத்தைக் கையில் வாங்கி, எடை போடுவதுபோல் இரண்டு முறை தூக்கிப் பார்த்துவிட்டு, "ஃப்ளோ நல்லா இருக்கும்மா" என்பார். ஆறு வருடத்தில் அவர் சொன்ன ஒரே கருத்து அது. தலைகீழாகப் பிடித்திருந்தபோதும் ஃப்ளோ நன்றாகத்தான் இருந்தது.

ஆய்வேட்டை ஒரு வழியாகச் சமர்ப்பித்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குத் தேதி எப்போது வரும் என்று அவள் காத்திருந்த சமயத்தில்தான் அந்த விளம்பரம் வந்தது. வாணியம்பாடி போகிற வழியில் ஒரு கல்லூரி. பெயரைச் சொல்லமாட்டேன், அங்கிருந்தும் எனக்கு வாடிக்கைக்காரர்கள் வருகிறார்கள். பொருளாதாரத்தில் ஓர் உதவிப் பேராசிரியர், நிரந்தரப் பணியிடம். ஏழு வருடத்தில் இந்தப் பக்கம் வந்த முதல் இடம். நெட் தேர்வை நான்காவது முறையில் தாண்டியிருந்த எப்சி அன்றைக்கே விண்ணப்பித்தாள்.

அதே வாரம் பழைய கம்பெனியிலிருந்து போன் வந்தது. செக்கிங் ஹாலுக்கு இன்சார்ஜ் வேண்டும், ஒன்றாம் தேதிக்குள் சேர்கிறாயா இல்லையா என்று கேட்டார்கள். வயது முப்பத்து நான்கு. அம்மாவுக்கு முதுகு போய்விட்டது. இது கிடைத்தால் வகுப்பறை, கிடைக்காவிட்டால் திரும்ப கம்பெனி பஸ். அவளுக்கு மூன்றாவது வழி இல்லை என்பது எனக்கும் தெரியும்.

அப்போதிருந்து என் கடை அவளுக்குப் பயிற்சிக் கூடமாகிவிட்டது. பக்கத்துத் தையல்கடை சுகரா பேகமும் நானும்தான் நிபுணர் குழு. நான் மூக்கில் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "உங்கள் ஆராய்ச்சியின் சமூகப் பயன்பாடு என்ன?" என்று கேட்பேன். எத்தனை ஆய்வேடு தட்டியிருக்கிறேன், இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் எனக்கு மனப்பாடம். எப்சியும் மனப்பாடமாகப் பதில் சொல்வாள். ஒரு நாள் சுகரா பேகம் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. கம்பெனில இன்சார்ஜ் வேலயே குடுக்கறான். அப்புறம் ஏன் இந்த பேஜாரு? எதுக்கு ஒனக்கு இந்த காலேஜ் வேலை?"

எப்சி கையிலிருந்த தாள்களை மடியில் வைத்தாள். "ஹால்ல நின்னப்போ இது தப்புன்னு அம்பு ஒட்டத்தான் முடியும் ஆன்ட்டி. ஏன் தப்பு, யாரால தப்புன்னு பேச முடியாது. க்ளாஸ்ல நின்னா பேசலாம்."

சுகரா பேகம் ஊசியைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை நேர்முகத் தேர்வு அங்கேயே முடிந்துவிட்டது.

என் கடையில் அதே வேலைக்கு இன்னொருவனும் தயாராகிக்கொண்டிருந்தான். ஜெஃப்ரி. நல்ல பையன், சிரித்த முகம், நூற்று நாற்பத்து மூன்று சான்றிதழ். கொரோனா காலத்தில் வீட்டில் உட்கார்ந்தபடி அவன் பார்க்காத இணையக் கருத்தரங்கம் இல்லை. பார்த்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவான், கடைசியில் வந்து ஐந்து கேள்விக்கு டிக் அடித்தால் சான்றிதழ் வந்துவிடும். தேனீ வளர்ப்பில்கூட ஒன்று இருந்தது. பொருளாதாரக்காரனுக்குத் தேனீ எதற்கு என்று கேட்டால், "பாயின்ட் கம்மியாகக் கூடாதுண்ணா, ஃபைல் கனமா இருக்கணும்" என்றான். எல்லாவற்றையும் கலரில் எடுத்து, வண்ணத்தாள் பிரிப்பு வைத்துக் கொடுத்தேன். கல்யாண ஆல்பம் தோற்றுப்போகும்.

எப்சியின் ஃபைல் ஒல்லி. ஒவ்வொரு தாளையும் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, கவரின்மேல் அம்பு ஒட்டியிருந்தாள். தன் சொந்த ஃபைலை அவளே செக் பண்ணியிருக்கிறாள்! கட்டணம் கட்டினால் எதையும் போடுகிற பத்திரிகையில் வந்த கட்டுரைக்கு ஒரு அம்பு. சாப்பாட்டுக்கு மட்டும் போன கருத்தரங்கச் சான்றிதழுக்கு ஒன்று. இடையில் வேலைக்குப் போன நான்கு வருட இடைவெளிக்கு ஒன்று. மொத்தம் இருபத்து மூன்று.

"இவங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே கேட்டுக்கறேன். ஒவ்வொரு அம்புக்கும் ஒரு பதில் ரெடி பண்ணிட்டா பயம் போய்டும்" என்றாள்.

யோசனை நல்ல யோசனைதான். அதைக் கெடுக்க ஓர் ஆள் வேண்டாமா? நான் இருந்தேன்.

அழைப்புக் கடிதத்தில் சான்றுகளோடு ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமும் சேர்த்து ஆறு செட் நகல் கேட்டிருந்தார்கள். தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம் ஃபைலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். "அண்ணா, கவர்லருந்து எடுத்துட்டு போடுங்க. அம்பு விழுந்துடப் போவுது" என்று சொன்னாள். நான் தலையாட்டினேன். அவள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாதிரி வகுப்பு எடுத்துப் பழகப் போய்விட்டாள்.

அன்றைக்குப் பார்த்து மாதாந்திரப் பராமரிப்பு, ஐந்து மணி வரை கரண்ட் இல்லை. ஐந்தரைக்குக் கடை வாசலில் இருபது பேர். அதில் ஜெஃப்ரி வேறு, தேனீக்களோடு. இந்தத் தொழிலில் ஒரு குறுக்கு வழி உண்டு. செய்யாத கடைக்காரன் இருந்தால் எனக்குக் காட்டுங்கள். கூட்டமாக இருந்தால் தாளைக் கவரிலிருந்து உருவமாட்டோம், கவரோடு கண்ணாடியில் கவிழ்த்துவிடுவோம். பிளாஸ்டிக் தெளிவாக இருந்தால் நகலில் ஒன்றும் தெரியாது. கண்ணாடியில் கவிழ்த்து வைக்கிறவனுக்குத் தாளின் முகமும் தெரியாது, முதுகுதான் தெரியும். தலையாட்டிய நான் அதை மறந்து, மொத்த ஃபைலையும் கவரோடு கவிழ்த்து, ஆறு ஆறாக எடுத்து, அடுக்கி, உறையில் போட்டு, டேப் ஒட்டி வைத்தேன். எப்சி ஓட்டமாக வந்தாள், வாங்கினாள், கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அவள் வாழ்நாளில் பிரித்துப் பார்க்காமல் பாஸ் பண்ணிய ஒரே பீஸ் நான் கொடுத்ததுதான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு போன்.

"அண்ணா." குரல் இறங்கியிருந்தது. "கவரோட போட்டுட்டீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிவப்பு ஸ்டிக்கர் என்றால் உரித்துவிடலாம். ஜெராக்ஸில் விழுந்த கறுப்பு அம்பை யார் உரிப்பது?

"ஒரு ஒயிட்னர் வாங்கிக்கோமா. வாசல்ல கடை இருக்கும்" என்றேன். பயத்தில் மனிதன் எதையும் சொல்வான்.

"ஆறு செட்டுண்ணா. நூத்தி முப்பத்தெட்டு அம்பு. நான் மூணாவது ஆளு."

"நான் வண்டிய எடுத்துட்டு வேற செட்டு கொண்டு வர்றேன், இரு."

"வேலூர்லருந்தா? நீங்க வர்றதுக்குள்ள எனக்கு முடிஞ்சிடும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

உள்ளே நடந்ததை அவள் பிறகு சொன்னாள். ஐந்து நிபுணர்கள், நடுவில் முதல்வர், ஆளுக்கு ஒரு செட்.

"என்னம்மா இது, பக்கத்துக்குப் பக்கம் அம்பு?" என்று முதல்வர் ஆரம்பித்தார்.

"கொறை இருக்கற எடம் சார்."

"யாரோட ஃபைல்ல?"

"என்னோட ஃபைல்ல. நான்தான் ஒட்டினேன். நாலு வருஷம் ஷூ கம்பெனில செக்கரா இருந்தேன் சார், செக் பண்ணாம எதயும் அனுப்பி பழக்கமில்ல."

ஒருவர் சிரித்தார். இன்னொருவர் சிரிக்காமல் ஒரு பக்கத்தைத் தட்டினார். "இந்தப் பத்திரிகைக்கு எதுக்கு அம்பு?"

"காசு கட்டினா எத வேணா போடுவாங்க சார். என் கட்டுரைய அனுப்பின மூணாம் நாள் போட்டாங்க. யாரும் படிச்சிருக்க மாட்டாங்க."

"அந்தப் பத்திரிகையோட ஆசிரியர் குழுவுல நான் இருக்கேன்."

"அப்டீன்னா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும் சார்" என்றிருக்கிறாள்.

இந்த இடத்தில் நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். அவள் வம்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆமோதித்திருக்கிறாள்.

அடுத்து பணி அனுபவச் சான்று. 'பேராசிரியருக்கு உதவியாக ஆறு மாதம்' என்ற வரிக்கும் அம்பு. உதவி கூடச் செய்யவில்லையா என்று கேட்டார்கள். "உதவின்னு போட்டதுதான் சார் தப்பு. அவர் கமிட்டி மீட்டிங் போய்டுவாரு, க்ளாஸ் பூரா நடத்தினது நான்" என்றாள். கிருபானந்தம் சாருக்கு எங்கேயோ புரை ஏறியிருக்கும்.

கடைசியில் முதல்வர் நல்ல மனதோடு ஒரு கதவைத் திறந்துவிட்டார். "இதெல்லாம் நீங்க வேணும்னு எங்களுக்குக் குடுத்தது இல்லியே? ஜெராக்ஸ் கடைக்காரன் பண்ண வேலைதானே?"

"இல்ல சார். கடைசியா கைல வாங்கினது நான். பிரிச்சு பாக்காம எடுத்துட்டு வந்துட்டேன். கொறை என்னோடது."

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. "பைத்தியமா நீ? என் பேர சொல்றதுக்கு இன்னா? அந்த காலேஜ்ல எனக்கா வேலை குடுக்கப் போறாங்க?" என்று கத்தினேன். கட்டடத்துக்கே கேட்டிருக்கும். அவள் ஆறு வருடம் எழுதியது இதைத்தானே. பழி கடைசிக் கையெழுத்துக்குத்தான் வரும் என்று. எழுதினவளே போய்க் கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"ஒரு மேடம் மட்டும் எதயுமே கேக்கலண்ணா. குனிஞ்சு பக்கத்த திருப்பிக்கினே இருந்தாங்க. நடுவுல போன்ல ஏதோ கணக்கு போட்டாங்க. போர் அடிச்சிருக்கும் போல" என்றாள் எப்சி.

பதினைந்து நாளில் முடிவு வந்தது. ஜெஃப்ரி ஸ்வீட் பாக்ஸோடு வந்து பணி ஆணையை லேமினேட் பண்ணக் கொடுத்தான். வேலை ஆணையை லேமினேட் பண்ணக்கூடாது என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. லட்டு நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, அந்த ஃபைலைக் கட்டியதும் இந்தக் கைதான்.

அன்று சாயங்காலம் எப்சி வந்தாள். கிடைக்காதவர்கள் நகல்களை வந்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று கல்லூரியில் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு அலமாரியில் இடமில்லை. ஆறு செட்டையும் மேசைமேல் வைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல், ஓடாத மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"திங்கக்கெழம கம்பெனில சேர்றேண்ணா" என்றாள்.

"என்னாலதான்மா" என்றேன். சொல்லிவிட்டேன், பதினைந்து நாளாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

அவள் ஐந்தாவது செட்டைப் பிரித்து, அத்தியாயத்தின் நடுவில் ஒரு பக்கத்தை என் பக்கம் திருப்பினாள். அட்டவணை. அதில் பென்சிலால் ஓர் அம்பு. எப்சி ஒட்டாத அம்பு, இருபத்து நான்காவது. பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தது: 'தையல் 118, செக்கிங் 61, பேக்கிங் 41. கூட்டினால் 220 வருகிறது, நீங்கள் 226 என்கிறீர்கள். எது சரி? இந்த அத்தியாயத்தைப் படித்துக்கொண்டே இருந்ததில் உங்களிடம் கேள்வி கேட்க மறந்துவிட்டேன்.'

எப்சி அழுதுகொண்டிருந்தாள். வேலை போன அழுகை இல்லை அது. எனக்கு வித்தியாசம் தெரியும். "படிச்சிருக்காங்கண்ணா" என்றாள். "கைடு படிக்கல, பத்திரிகைக்காரன் படிக்கல. இவங்க கூட்டிப் பாத்திருக்காங்க. முழுசா, உக்காந்து, கூட்டிப் பாத்திருக்காங்கண்ணா."

ஆறு வருடத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் வாசகர் அந்த அம்மா. எனக்கும் கண் கலங்கியது, ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து கைப்பிரதி நோட்டை எடுத்தாள். செக்கர் புத்தி எங்கே போகும்? பக்கத்தைத் தேடி விரலை வைத்தாள். செக்கிங்: 67. நீல மையில், மணி மணியாக. நோட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"கீபோர்டு ஓரத்து நம்பர் கட்டத்துல ஏழுக்குக் கீழ்வரிசையிலதான் ஒண்ணும் இருக்குமா. வெரல் வழுக்கியிருக்கும்" என்றேன்.

"நடுவுல நாலாம் நம்பர் இருக்குண்ணா" என்றாள்.

பல்கலைக்கழகத்துக்குப் போன ஐந்து பிரதியிலும், அரக்கு ரெக்ஸினுக்குள், தங்க எழுத்துக்குக் கீழே, என் அறுபத்தொன்று உட்கார்ந்திருக்கிறது. எப்சியும் செக் பண்ணித்தான் அனுப்பினாள். எழுத்தில் அவள் கண் போயிருக்கிறது, கூட்டிப் பார்க்கவில்லை. அதையும் அவளே சொன்னாள், நான் கேட்கவில்லை.

"இத மாத்தி, இந்த அத்தியாயத்த புதுசா எடுத்துக் குடுங்க. அந்த மேடத்துக்கு அனுப்பணும், எரநூத்தி இருவத்தாறுதான் சரின்னு எழுதணும். அடுத்த வருஷம் அங்க இன்னொருத்தர் ரிட்டயர் ஆவறாராம், மறுபடியும் ஆறு செட்டு வேணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "கவர கழட்டிட்டு."

"அம்பு?"

"என் அம்பு எனக்கு. அவங்களுக்கு வேணும்னா அவங்களே ஒட்டிக்கட்டும்."

கிளம்பும்போது கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பட்டையை எடுத்து ஒன்றை உரித்தாள். என் பிளாஸ்டிக் ஸ்டூலை வாசலுக்கு இழுத்துப்போட்டு அதன்மேல் ஏறினாள். சுகரா பேகம் தையலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். எப்சி பலகையைக் கையால் துடைத்து, 'பிழையின்றி' என்ற இடத்தில் அம்பை வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள். ஆறு வருடமாக அவள் எழுதிய பழி முதல் தடவையாகச் சரியான தலையில் போய் உட்கார்ந்தது.

"இன்னா அருணகிரி, ரிஜெக்ட்டா?" என்று சுகரா பேகம் கேட்டார்.

"ரிப்பேர் ஆன்ட்டி. ரிஜெக்ட் இல்ல" என்று சொல்லிவிட்டு எப்சி பள்ளிகொண்டா பஸ்ஸுக்கு ஓடினாள்.

அந்த அம்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அரிசி அளவு, ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாது. வெயிலில் சிவப்பு வெளுத்துவிட்டது. நான் உரிக்கவில்லை. எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் இப்போது தாளைக் கவரிலிருந்து உருவித்தான் போடுகிறேன், அடியில் கூட்டல் ஏதாவது இருந்தால் கூட்டியும் பார்க்கிறேன்.